படைக்கலக் கொட்டிலும் பாணர் வழியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'சங்க இலக்கியத்தில் தூது' என்னும் பொருளில் பேச வேண்டுமென்று செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். தூது என் ஆய்வுப் பொருள். முனைவர் பட்டத்திற்காகப் பல ஆண்டுகள் அதிலேயே உழன்றவள் என்பதால், பழைய குறிப்பேடுகளைப் புரட்டினாலே ஒரு மணி நேர உரைக்கு வேண்டியது கிடைத்துவிடும் என்றெண்ணி உடனே ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தக் குறிப்பேடுகளோடு அமர்ந்திருந்த ஒரு மாலையில், பதினைந்து வயதுச் சிறுவன் கேட்ட இரண்டு கேள்விகள் இவ்வுரையின் திசையையே மாற்றிவிட்டன.

விடுமுறைக்கு வந்திருந்த என் தமக்கை மகன் கணிப்பொறியில் போர் விளையாட்டு ஒன்றில் ஆழ்ந்திருந்தான். நான் புறநானூற்றின் 95ஆம் பாட்டை உரையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்ன படிக்கிறேன் என்று கேட்டான். அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாரைத் தொண்டைமானிடம் தூது விடுத்ததையும், தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குக் காட்டியதையும் சொன்னேன். அவன் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினான். "அந்த ராஜா எதுக்கு சித்தி எதிரியோட ஆளைக் கூப்பிட்டுத் தன்னோட ஆயுதத்தையெல்லாம் காட்டினார்? எங்க விளையாட்டுல யாரும் சும்மா எதையும் காட்ட மாட்டாங்க" என்றான்.

இதுவரை வகுப்பில் எந்த மாணவியும் கேட்காத கேள்வி அது. விடை தேடுமுன், அவன் விளையாட்டு எத்தகையது என்று கேட்டறிந்தேன். அவையிலுள்ள பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். அதைச் சிறிது சொல்லாமல் மேலே செல்ல இயலாது.

இவ்விளையாட்டுகளில் ஆடுவோர் ஒவ்வொருவரும் ஓர் அரசர். தொடக்கத்தில் திரை முழுதும் இருண்டு கிடக்கும். தன் ஆள் நடந்து சென்ற இடம் மட்டுமே ஒளி பெறும். அவன் நீங்கியதும் அவ்விடத்தின் மண்ணும் மரமும் நினைவில் நிற்கும். ஆனால் அங்கே இப்போது என்ன நடக்கிறது என்பது தெரியாது. ஆகவே படைவலியைக் காட்டிலும் அறிவுதான் முதற் செல்வம். எங்கே பொன் இருக்கிறது, எவ்வழியே பகைவன் வருவான் என்று முந்தி அறிந்தவன் பாதி வென்றவன். அவ்வறிவைத் தானே தேடலாம், ஒற்று வைத்துப் பெறலாம், நேச அரசனோடு பகிர்ந்துகொள்ளலாம், விலைக்கும் வாங்கலாம்.

1997இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்னும் விளையாட்டின் முதற்பகுதியில், நேச அரசர் கண்டறிந்த நிலப்பரப்பு நமக்கும் புலப்பட வேண்டுமானால் ஒரு கலையைக் கற்றாக வேண்டுமாம். அக்கலையின் பெயர் 'எழுத்து'. இதைக் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. எழுத்தறியாத அரசனால் தான் கண்டதைப் பிறர்க்குக் காட்ட முடியாது என்று யாரோ ஒரு கணிப்பொறி வல்லுநர் எண்ணிப் பார்த்திருக்கிறார். 1999இல் வந்த இரண்டாம் பகுதியில் அவ்விடத்தை 'நிலப்படக் கலை' பிடித்துக்கொண்டது. அதைச் சந்தையில்தான் கற்க வேண்டும். அதே விளையாட்டில் கோட்டையிலிருந்து ஒற்றரை ஏவலாம். அதன் விலை, பகைவனின் குடியானவர் தலைக்கு 200 பொன்! ஒற்று என்பது குடிமக்களை விலைக்கு வாங்குவதே என்னும் கசப்பான உண்மை அக்கணக்கில் அடங்கியிருக்கிறது. 2001இல் வந்த 'சிவிலைசேஷன்' வரிசையின் மூன்றாம் பகுதியிலோ, எழுத்தைக் கற்ற பின்னரே அயல்நாட்டில் தூதகம் நிறுவலாம். அங்கே நிலப்படமும் ஒரு சரக்கு. பேச்சு மேசையில் பொன்னுக்கோ வேறோர் அறிவுக்கோ அதை மாற்றிக்கொள்ளலாம். ஒருவனுக்குக் கொடுத்த படத்தை அவன் இன்னொருவனுக்கு விற்றுவிடக்கூடும் என்பதால், கொடுப்பதற்கு முன் பலமுறை எண்ணுவார்களாம்.

இவ்வளவும் அறிந்த பிள்ளைக்குத் தொண்டைமானின் செயல் விளங்காதது வியப்பன்று. நானோ இத்தனை ஆண்டுகளாக அப்பாட்டைக் கற்பித்தும் விளங்காமை ஒன்று அங்கே இருப்பதையே உணராதிருந்தேன்.

இனிப் பாட்டுக்கு வருவோம். பாடாண் திணையில் வாண்மங்கலத் துறையில் அமைந்த சிறு பாட்டு அது. தொண்டைமான் பெயரோ, தூது என்னும் செய்தியோ பாட்டினுள் இல்லை. அவை கொளு தரும் செய்திகள். போர் தவிர்க்கப்பட்டது என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். அது பாட்டிலும் இல்லை, கொளுவிலும் இல்லை. பாட்டில் இருப்பது இரண்டு படைக்கலச் சாலைகளின் ஒப்பீடு மட்டுமே. இங்குள்ள வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் இருக்கின்றன. எம் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தியதால் முனையும் பக்கமும் சிதைந்து கொல்லனது சிறிய பட்டறையில் கிடக்கின்றன. இவ்வளவு சொல்லி, அத்தலைவன் உள்ளபோது உண்ணக் கொடுப்பவன், இல்லாதபோது பகிர்ந்து உண்பவன், வறியோர் சுற்றத்திற்குத் தலைவன் என்று முடிக்கிறார்.

தொண்டைமான் காட்டியது ஏன்? அச்சுறுத்தவே. மறைக்கத் தக்க அறிவும் உண்டு. காட்டினால்தான் பயன்படும் அறிவும் உண்டு. 'என்னிடம் இத்தனை வேல் உள்ளது' என்பது பின்னதைச் சார்ந்தது. பகைவன் அறியாத படை அவனை அஞ்சச் செய்யாது. ஆகவே தூதரை அழைத்துக் கொட்டிலைத் திறந்தது பேதைமை அன்று; கணக்கிட்ட செயல். இதை விளக்கியதும் தம்பி உடனே ஏற்றுக்கொண்டான். அவர்கள் ஆட்டத்திலும் எல்லையில் படையை நிறுத்திக் காட்டுவது உண்டாம்.

ஆனால் அடுத்த கேள்வி என்னை மடக்கிவிட்டது. "அப்போ அந்தப் பாட்டி, எங்க ராஜாவோட ஆயுதமெல்லாம் உடைஞ்சு ரிப்பேர்ல இருக்குன்னு எதிரிகிட்டயே சொல்லிட்டாங்களே! அது ரகசியம் இல்லையா?"

சங்ககால ஔவையாரைப் பாட்டி என்று கொள்ளச் சான்றில்லை என்று திருத்தினேன். அதற்குமேல் அன்று எனக்கு விடை எழவில்லை. அக்கேள்வியோடு சில நாள் இருந்தேன். வஞ்சப் புகழ்ச்சி என்று அணிப்பெயர் சூட்டி நாம் கடந்து செல்லும் இடத்தில் ஓர் அரசியல் இடர் இருக்கிறது. தன் நாட்டுப் படைக்கலங்கள் இப்போது கைக்கு உதவா நிலையில் உள்ளன என்று பகைவன் அரண்மனையிலேயே ஒரு தூதர் கூறுகிறார். அது பொய்யாயின் வெறும் சொல்விளையாட்டு. மெய்யாயின் பேரிடர்.

திருவள்ளுவர் ஒற்றாடலை 59ஆம் அதிகாரமாக அரசியலிலும், தூதை 69ஆம் அதிகாரமாக அமைச்சியலிலும் வைத்தார். இரண்டையும் அடுத்தடுத்து வைக்காமல் பிரித்தது எண்ணிப் பார்க்கத் தக்கது. காட்டப்படாததைக் காண்பவன் ஒற்றன். காட்டப்பட்டதைக் காண்பவன் தூதன். ஒருவன் தந்த செய்தியை இன்னொருவனைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்லும் ஒன்றானாலே தெளிய வேண்டும் என்று ஒற்றுக்கு இலக்கணம் கூறுகிறார். அங்கே ஐயமே அறம். தூதில் அவ்வாறன்று, தூதன் சொல் பலர் முன் சொல்லப்படுவது, அதற்கு அவனே பொறுப்பு. நம் காஞ்சியைச் சேர்ந்தவர் என்று மரபு போற்றும் பரிமேலழகர், தானே வகுத்துக் கூறுவான், சொன்னதைச் சொன்னவாறே கூறுவான் எனத் தூதரை இருவகைப்படுத்துவார். ஔவையார் முதல் வகையினர். கொல்லன் பட்டறையைப் பற்றிப் பேசுமாறு அஞ்சி சொல்லி அனுப்பியிருக்க முடியாது. கொட்டிலைக் கண்ட கணத்தில் அவரே வகுத்துக்கொண்ட சொல் அது.

அப்படியானால் அவர் ஏன் அதைச் சொன்னார்? என் கருத்தை இவ்வவை முன் வைக்கிறேன். ஔவையார் மெய்யைத்தான் சொன்னார். மெய்யைச் சொல்ல அஞ்சாத நாடு எம் நாடு என்பதையும் சேர்த்தே சொன்னார். பாட்டின் இறுதிப் பகுதியை நாம் வழக்கமாகச் செய்யும் புகழ்மொழி என்று விட்டுவிடுகிறோம். அங்கேதான் விடை இருக்கிறது. இல்லாதபோதும் பகிர்ந்து உண்ணும் தலைவனுக்கு அவன் சுற்றமே படைக்கலம். வேல் கொல்லனிடம் இருக்கலாம். வேலை எடுக்கும் கைகள் அவனோடு இருக்கின்றன. தொண்டைமான் ஒரு வலிமையைக் காட்டினான். ஔவையார் கொட்டிலில் வைத்துக் காட்ட முடியாத வேறொரு வலிமையைக் காட்டினார். தலைக்கு 200 பொன் கொடுத்து வாங்க முடியாத குடிமக்கள் எங்கே இருக்கிறார்களோ, அங்கே மறைக்க வேண்டியது குறைவு. இதைத் தம்பியிடம் சொன்னேன். சிறிது நேரம் யோசித்து, "அப்ப அது சரியான மூவ்தான், சித்தி" என்றான். அவனிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை எதிர்பார்க்க இயலாது.

காஞ்சிக்குத் தூது புதிதன்று. சங்க காலத்திற்குப் பின்னும் இந்நகரம் தூதின் நகரமாகவே இருந்தது. 720ஆம் ஆண்டில், கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்ம பல்லவன் சீனத்துத் தாங் பேரரசனிடம் தூதரை அனுப்பினான். அராபியரையும் திபெத்தியரையும் தாக்கத் தன் யானைப்படையும் குதிரைப்படையும் உதவும் என்று கூறி, தன் படைக்கு ஒரு பெயர் சூட்டித் தருமாறு வேண்டினான் என்று சீன வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. நற்பண்பைப் போற்றும் படை என்னும் பொருள்படப் பேரரசன் பெயர் சூட்டினான். அக்கோயிலுக்கே பின்னொரு நாள் பகைவன் வந்தான். காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் கோயிற் செல்வத்தைக் கண்டான். கொள்ளையிடாமல் இறைவனுக்கே திருப்பி அளித்தான். அச்செய்தியைத் தன் கன்னட மொழியில் கோயில் தூணிலேயே பொறித்தும் சென்றான். பகைவன் கண்ணுக்குக் காட்டுவதால் எப்போதும் இழப்பே நேரும் என்று கூறுவதற்கில்லை. நம் ஊர்க் கல்லே அதற்குச் சான்று.

இதுவரை சொன்னது அரசர் செய்தி. கவிஞர்களாகிய உங்களுக்கு உரியது இனிமேல்தான் வருகிறது.

விளையாட்டில் நிலப்படம் ஒரு சரக்கு என்றேன். நம் முன்னோரிடம் நிலப்படத்திற்கு ஈடாக என்ன இருந்தது? ஆற்றுப்படை இருந்தது. பத்துப்பாட்டில் செம்பாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள். அவற்றுள் ஒன்று நம் ஊருக்கு வழி சொல்வது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளால் ஆனது. புறநானூற்றுத் தொண்டைமானும் இளந்திரையனும் ஒருவரே என்று துணிய இயலாது. ஆயினும் இருவரும் தொண்டையர் மரபினர்.

அப்பாட்டை ஒரு நிலப்படமாக எண்ணிப் படித்துப் பாருங்கள். உப்பு வணிகரின் வண்டித் தொடர் செல்லும் வழி, பலாப்பழம் போன்ற மிளகுப் பொதி சுமந்து கழுதைகள் செல்லும் பெருவழி, சுங்கம் கொள்ளுமிடத்தில் வில் ஏந்திய காவலர், எயினர் குடியிருப்பு, ஆயர் சேரி, உழவர் ஊர், வலைஞர் குடி, அந்தணர் உறையுள், கடற்கரையில் நீர்ப்பெயற்று என்னும் துறை, இரவில் கலங்களுக்குக் கரை காட்ட விளக்கேற்றும் உயர்ந்த மாடம், திருவெஃகா, அதன்பின் தாமரைப் பொகுட்டைப் போன்ற கச்சி மூதூர். வழி மட்டுமா? எங்கே என்ன உணவு கிடைக்கும் என்பதும் உண்டு. எயினப் பெண்டிர் கரம்பைக் கிளறி எடுத்த புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும் தருவர். ஆயர் பாலும் தினைச்சோறும் தருவர். வலைஞர் குடியில் சுட்ட மீன் கிடைக்கும். இளந்திரையன் காக்கும் நிலத்தில் வழிப்போவாரைக் கொன்று பறிக்கும் கள்வர் இல்லை என்னும் உறுதிமொழியும் முன்னதாகவே தரப்படுகிறது.

ஒரு தலைநகர்க்கு வழி, துறை, சுங்கம், காவல் ஆகிய அனைத்தையும் பாட்டாக்கிப் பாணர் வாயில் வைத்து ஊரூராக அனுப்புகிறார்கள். பகைவன் செவியிலும் அப்பாட்டு விழும். அதற்கு இளந்திரையன் அஞ்சவில்லை. வழியை மறைப்பது காவல் என்று கருதாமல், வழியில் உள்ளோர்க்குச் சோறு இருப்பதே காவல் என்று கருதிய அரசியல் அது.

இதற்கு மாறான நிலப்படத்தையும் நம் நிலம் கண்டிருக்கிறது. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை, மலை முகட்டிலும் கோயிற் கோபுரத்திலும் ஏறி நின்று நாடு முழுவதையும் அளந்தது. அறிவியலில் அது மாபெரும் செயல், ஐயமில்லை. ஆனால் அப்படம் அளக்கப்பட்ட மக்களுக்காக வரையப்பட்டதன்று. நாடு விடுதலை பெற்று நெடுங்காலம் கழிந்தும் துல்லியமான நிலப்படங்கள் பூட்டுக்குள்ளேயே இருந்தன. 2021இல்தான் அக்கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்ந்தன.

ஆற்றுப்படையில் வியப்புக்குரியது வேறொன்று. வழி சொல்பவர் யார்? பரிசில் பெற்ற பாணர். கேட்பவர் யார்? பரிசில் பெறாத பாணர். இருவரும் ஒரே தொழிலர். ஒரே வள்ளலை நாடுவோர். இன்றைய சொல்லில் கூறினால் போட்டியாளர். தான் கண்ட பொன் சுரங்கத்தைப் போட்டியாளனுக்குக் காட்டுபவன் விளையாட்டில் தோற்பான். தொல்காப்பியரோ அதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறார்: பெற்றவர் பெறாதவர்க்கு வழி கூறி, அவரும் சென்று பயன்பெறச் செய்தல். கூறினால் புகழ் என்று அவர் சொல்லவில்லை. கலைஞர்க்கு அது இயல்பு என்பது போலவே வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் தூது இலக்கியங்களைத் தொகுத்துக்கொண்டிருந்த காலத்தில், எந்தச் சுவடி எந்த நூலகத்தில் உள்ளது, எது அச்சில் வந்தது, எது வராதது என்று அட்டவணை ஒன்று தயாரித்திருந்தேன். பேருந்தில் அலைந்தும் பட்டினி கிடந்தும் சேர்த்தது. அதே துறையில் ஆய்வு தொடங்கிய இளம்பெண் ஒருத்தி வந்து அதைப் பார்க்கலாமா என்று கேட்டாள். "இன்னும் ஒழுங்குபடுத்தவில்லை, அம்மா" என்றேன். அது பொய். ஒழுங்காக எழுதிய ஏடு அப்போது என் மேசை இழுப்பறையில் இருந்தது. அவள் என்னை முந்திவிடுவாளோ என்ற அச்சம். நான் நடந்த வழியையெல்லாம் அவளும் நடந்தாள். குடும்பச் சூழ்நிலை இடந்தராமல் ஆய்வை இடையிலேயே விட்டுவிட்டாள். நான் பட்டம் பெற்றேன்.

என் அட்டவணை கிடைத்திருந்தால் அவள் முடித்திருப்பாளா? தெரியாது. ஆனால் ஆற்றுப்படையை வகுப்பறையில் உருகி உருகிக் கற்பித்தவள் தன்னிடம் வழி கேட்டு வந்தவளை இருட்டில் விட்டாள் என்பது மட்டும் தெரியும். அன்று மாலை அந்தக் குறிப்பேடுகளோடு நான் அமர்ந்திருந்தபோது தம்பி, 'யாரும் சும்மா எதையும் காட்ட மாட்டாங்க' என்றானே, அச்சொல் தொண்டைமானை நோக்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றி உ.வே. சாமிநாதையரிடம் கேட்டு, படிப்பதற்குப் பிரதியும் தந்தார். அதைத் தம் பெட்டியிலேயே வைத்துக்கொண்டிருந்தாலும் அவரை யாரும் குறை கூறியிருக்க முடியாது. அவர் காட்டிய வழியில் நடந்துதான் ஐயரவர்கள் 1887இல் சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1894இல் புறநானூற்றையும் அச்சிட்டார். நாம் இன்று ஔவையாரைப் பற்றியும் இளந்திரையனைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பது, ஒருவர் தம் கையிலிருந்ததை இன்னொருவர்க்குக் காட்டியதால்தான்.

நம் ஊரில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்திருப்பீர்கள். உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் இரண்டு என மூன்று நாடா ஓடும். தறிக்காரர் பக்கத்தில் துணைக்கு ஒருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளுவார். ஒருவர் கை எங்கே நிற்கிறது என்பது மற்றவர்க்குத் தெரியாவிட்டால் கரையும் உடலும் கோவாது. பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் நாம் ஒருவர் கவிதையை ஒருவர் கேட்டு வருகிறோம். நன்று. ஆனால் யாரிடம் என்ன நூல் இருக்கிறது, எந்த வீட்டுப் பரணில் எந்தப் பழைய இதழ் கிடக்கிறது, எந்தப் பதிப்பகம் புதியவர் தொகுப்பைப் பரிவோடு பார்க்கிறது என்பதெல்லாம் அவரவர் இழுப்பறையிலேயே இருக்கின்றன.

ஆகவே ஒரு வேண்டுகோள். மறைக்க வேண்டியவற்றை மறைப்பது குற்றமன்று.  கொடுத்தாலும் குறையாததை மறைப்பதுதான் குற்றம். வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள நூல்கள், இதழ்களின் பட்டியலை எழுதித் தர வேண்டும். அவற்றை ஒரே ஏடாகத் தொகுத்து, உறுப்பினர் அல்லாத மாணவரும் வந்து பார்க்குமாறு வைக்க வேண்டும். முதற்பட்டியலை நான் கொண்டுவந்திருக்கிறேன். அன்று 'ஒழுங்குபடுத்தவில்லை' என்று நான் சொன்ன அதே அட்டவணை. அதன் படி ஒன்றை, சென்ற வாரம், அதைக் கேட்டவளின் முகவரிக்கும் அனுப்பிவிட்டேன். மறுமொழி இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் வருந்த எனக்கு உரிமை இல்லை.

இதனைச் செயலாளரிடம் ஒப்படைத்து அமைகிறேன்.